நீலம் குறைந்த நவம்பர்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார அக்கா சைவமா அசைவமா என்று கேட்கவில்லை. என்ன வேலை என்றுதான் கேட்டார்.

“சாட்டிலைட்ல இருக்கிற கேமராவுக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு பார்க்கிற வேலைக்கா” என்றேன்.

“கண் டாக்டரா?”

“அந்த மாதிரிதான். ஆனா பேஷண்ட் கீழ இறங்கி வராது. நாமதான் இங்க இருந்தே பார்க்கணும்.”

அக்கா, மாடியில் தண்ணீர் காலையில்தான் வரும் என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் கண் டாக்டரம்மா. ஒருமுறை எதிர்வீட்டுத் தாத்தா புரை அறுவைக்கு நல்ல இடம் எது என்று என்னிடம் விசாரித்தார்.

என் வேலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கும் தெரியாது. பூமியைப் படமெடுக்கும் கேமராவை ராக்கெட்டில் ஏற்றுவதற்கு முன், இவ்வளவு வெளிச்சத்துக்கு இவ்வளவு எண் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்துதான் அனுப்புகிறோம். ஆனால் போகிற வழியின் குலுக்கலும், மேலே உள்ள வெற்றிடமும், எந்த வடிகட்டலும் இல்லாத வெயிலும் சேர்ந்து அதன் பார்வையை மெல்ல மெல்ல மாற்றிவிடும். கடைத் தராசை எடுத்துப்போய் முத்திரை போட்டு வருவதுபோல் அதைக் கீழே கொண்டுவர முடியாது.

எங்கள் செயற்கைக்கோள் சின்னது, ஒரு வாஷிங் மெஷின் அளவு. பெரியவற்றில் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள விளக்கு, கண்ணாடி என்று ஏதாவது இருக்கும். எங்களுடையதில் அதற்கெல்லாம் இடமில்லை. அதனால் அது தலைக்கு மேலே கடந்துபோகும் வேளையில், சமதரையான ஓர் இடத்தில் நாங்கள் நின்று, அந்த மண் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்போம். அன்றைக்குக் காற்றில் எவ்வளவு தூசி என்பதையும் அளப்போம். இரண்டையும் வைத்து, மேலே கேமராவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவோம். கேமரா சொல்வதும் எங்கள் கணக்கும் ஒத்துப்போனால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் மூன்று பேர். சார்தான் தலைவர். இதே ஊரில், நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். அந்தக் கேமராவின் லென்ஸ்களைப் பொருத்தியதில், எந்தப் பசை எந்த இடத்தில் என்பது வரை எல்லாமே சாரின் முடிவு. அடுத்தது மங்களூர்க்காரி. என் வயதுதான். பாலைவனங்களையும் நிலாவையும் எங்கள் கேமரா எடுக்கும் படங்களை வைத்து, மேசையை விட்டு நகராமலே கேமராவைச் சோதிப்பவள். சகாராவின் சில மணல்வெளிகள் வருடக்கணக்கில் மாறாமல் இருப்பவை. நிலாவுக்கு மேகமே கிடையாது. அவற்றைப் பார்த்துக் கேமரா வேறு வேறு எண் சொன்னால் தப்பு கேமராவுடையது. மூன்றாவது ஆள் நான். வெயிலில் நிற்பவள்.

ஹொசகோட்டேயைத் தாண்டி, சமப்படுத்திக் கல் நட்டு, விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்தான் எங்கள் இடம். அங்கே போகும்போது கறுப்பு உடைதான் போட வேண்டும். வெளிர்நிறச் சட்டையில் பட்ட வெளிச்சம் அளவில் கலந்துவிடும். முதல்முறை நாங்கள் மூவரும் கறுப்புச் சட்டையில் வேனைவிட்டு இறங்கியபோது, தர்மபுரிக்காரரான வாட்ச்மேன் எழுந்து நின்று, “எந்தக் கட்சி சார்? இங்க மீட்டிங்குக்கெல்லாம் பர்மிஷன் இல்ல” என்றார். மண்ணோடு சேர்த்து அளப்பதற்காக நாங்கள் பெரிய சாம்பல்நிறத் தார்ப்பாய்களை விரிப்பதைப் பார்த்த பிறகு பந்தல்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார். இன்றுவரை அதை நாங்கள் திருத்தவில்லை.

மண்ணை அளப்பது என்றால், தோளில் மாட்டிய கருவியின் முனையை முதலில் ஒரு வெள்ளைப் பலகைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். பிறகு மண்ணுக்கு நேராக. பலகை விழுகிற வெளிச்சம் அத்தனையையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். அதனோடு ஒப்பிட்டால்தான் மண் எவ்வளவு அனுப்புகிறது என்று தெரியும். எங்கள் வேலை முழுவதும் அந்தப் பலகையின் வெள்ளையில் நிற்கிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். சார் அதை நுரைமெத்தை வைத்த மரப்பெட்டியில் வைத்திருந்தார்.

“கை பட்டா எண்ணெய் ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். யாரும் கை வெக்கக் கூடாது, அவ்ளோதான்” என்பார். அதன் எதிரில் நாங்கள் தும்மக்கூடப் பயப்படுவோம்.

மழைக்காலத்துக்கு முன் செய்த சோதனைகளில் எல்லா நிறமும் சரியாக வந்தது. பிறகு மேகம் பிடித்துக்கொண்டது. சில மாதங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆயுத பூஜைக்கு நான் குடியாத்தம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் கணினித் திரைக்குச் சந்தனப் பொட்டு, கீபோர்டில் சாமந்தி இதழ், மேசையில் ஒரு பொட்டலம் பொரி. எங்கள் அலுவலகத்தில் பூஜை பலமாகத்தான் நடக்கும். பூசணிக்காய் உடைத்த இடம் லிஃப்ட் வாசலில் இன்னும் சிவப்பாக இருந்தது.

நவம்பரில் வானம் தெளிந்ததும் ஹொசகோட்டே போனோம். பத்தரை மணி வாக்கில் செயற்கைக்கோள் மேலே கடந்தது. கண்ணுக்குத் தெரியாது என்றாலும் சாரும் நானும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்போம். திரும்பி வந்து கணக்குப் போட்டேன். சிவப்பு சரி, பச்சை கிட்டத்தட்ட சரி. நீலம் மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக நீலத்தைப் பார்த்திருந்தது கேமரா.

சார் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“நீலம் மட்டுமா?”

“ஆமா சார்.”

“இன்னொரு வாட்டி எடுத்துப் பார்க்கலாம்மா.”

இன்னும் இரண்டு முறை போனோம். அப்போதும் நீலம் குறைவாகவே வந்தது. இதில் சாருக்கு ஏற்பட்ட வருத்தத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் பசையிலிருந்து வெற்றிடத்தில் மெல்லிய ஆவி கசியும். அது லென்ஸில் படிந்து, வெயில் பட்டு மஞ்சளாகும். அப்படி ஆனால் முதலில் அடிபடுவது நீலம்தான். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி அது. அப்படியானால் சார் தேர்ந்தெடுத்த பசை அவரைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். மேலே போய்த் துடைத்துவிட்டு வர முடியாது.

அவர் பேச்சு குறைந்தது. வழக்கமாக வேனில் ஏறியதும் பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்றைப் பந்து பந்தாகச் சொல்லிக்கொண்டு வருபவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பா லேத்தில் ஒரு துண்டு கெட்டுப்போனால் அன்றைக்கு வீட்டில் சாப்பிட மாட்டார் என்று ஒருநாள் தானாகவே சொன்னார்.  

கேமராவைச் சரிசெய்ய முடியாது என்றாலும் எண்ணைச் சரிசெய்யலாம். நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்த அளவு இனி வரும் ஒவ்வொரு படத்திலும் கூட்டிவிடலாம். மூன்று நாள் அளவுகளின் சராசரியை எடுத்து அந்தத் திருத்தத்தை நான்தான் தயார் செய்தேன். ஏரிகளைக் கவனிக்கும் ஒரு குழு எங்கள் படங்களை வாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் பாசி எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பதே நீலத்தையும் பச்சையையும் ஒப்பிட்டுத்தான். நீலம் குறைந்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்லி, அந்த வாரத்துப் படத்தை நிறுத்தி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை திருத்தம் அமலுக்கு வர வேண்டும். மூவரும் ஒப்புக்கொண்டால்தான் வரும்.

மங்களூர்க்காரி ஒப்புக்கொள்ளவில்லை.

“என் பாலைவனத்துல நீலம் அப்படியே இருக்கு. நிலாவுலயும் இருக்கு. கேமராவுக்கு ஏனூ ஆகல, ஒண்ணும் ஆகல” என்றாள்.

“உன் நிலா மாசத்துக்கு ஒரு தடவை. நான் நேர்ல நின்னு அளந்துட்டு வர்றேன்.”

“நீ நேர்ல நின்னா நிலா பொய் சொல்லுதுன்னு அர்த்தமா, மாராய்த்தி?”

மாராய்த்தி என்பது அவர்கள் ஊரில் தோழியை உரிமையோடு அழைக்கும் சொல். அன்றைக்கு அதில் உரிமை அவ்வளவாக இல்லை. வெயிலில் கறுத்துப்போய் வந்தவளுக்கு ஏசியில் உட்கார்ந்திருப்பவள் பாடம் எடுக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லியும்விட்டேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அடுத்த நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிர் மேசை என்பதால் பேசாமல் இருப்பதும் ஒரு வேலையாக இருந்தது. பிரிண்டரில் என் தாள் வந்தால் அவள் எழுந்து எடுத்து என் மேசையின் ஓரத்தில், அதுவும் தலைகீழாக, வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் டப்பாவைத் திறந்து நீர்தோசையை எடுத்தவள், சாப்பிடாமல் என் பக்கம் திரும்பினாள்.

“உன் மூணு நாளையும் சராசரி எடுத்தேல்ல? தனித்தனியாப் பார்த்தியா?”

“பார்த்தேனே. ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அதுக்குத்தான சராசரி.”

“வரிசையா வெச்சுப் பாரு.”

தன் திரையை என் பக்கம் திருப்பினாள். மூன்று புள்ளிகள். முதல் நாள் நீலம் ரொம்பக் குறைவு. இரண்டாம் நாள் அதைவிடக் கொஞ்சம் தேவலை. மூன்றாம் நாள் இன்னும் தேவலை. படிக்கட்டு ஏறுவதுபோல் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“லென்ஸ்ல படிஞ்ச கறை நாளுக்கு நாள் கூடும். தானாக் குணமாகுமா?” என்றாள்.

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவந்தது புரிந்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு, பசிக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அவள் டப்பாவிலிருந்து ஒரு நீர்தோசையை எடுத்துக்கொண்டேன். அவள் சட்னியை என் பக்கம் நகர்த்தினாள். சண்டை அங்கேயே முடிந்தது.

கேமரா குணமாகவில்லை என்றால் தரையில் ஏதோ குணமாகிக்கொண்டிருக்கிறது. மண்ணா, தார்ப்பாயா, கருவியா? மண்ணில் எடுத்ததிலும் தார்ப்பாயில் எடுத்ததிலும் ஒரே குறை இருந்தது. கருவியை ஆய்வுக்கூட விளக்கில் வைத்துப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தோம். அங்கே இன்னொரு வெள்ளைப் பலகை, வாங்கிய நாளின் முத்திரைகூடப் பிரியாமல் இருந்தது. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த பட்டுப்புடவை மாதிரி அதைச் சார் பாதுகாத்து வந்தார்.

கேட்டபோது அவர் முகம் சுருங்கியது.

“அது கடைசிக்குன்னு வெச்சிருக்கிறது. பலகைக்கு என்னாகும்? நான் ஒருத்தன்தான் அதை எடுக்கிறேன், வெக்கிறேன்.”

“ஒரு தடவை பார்த்துடலாம் சார். இல்லன்னா நாளைக்கு அந்தத் திருத்தத்தைப் போட்டுடலாம்” என்றேன்.

அவர் எழுந்து, கையுறை மாட்டி, முத்திரையைத் தானே பிரித்தார்.

மொட்டைமாடிக்குப் போனோம். கீழ்த்தளத்து ஜிம்மின் துண்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மேசை போட்டு இரண்டு பலகைகளையும் அருகருகே வைத்தோம். தனியாகப் பார்க்கும்போதெல்லாம் பாலைப்போல் வெள்ளையாக இருந்த பழைய பலகை, புதியதன் பக்கத்தில், பழைய சோற்றுக்கும் புதுச் சோற்றுக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவுக்கு மாறித் தெரிந்தது. தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று நினைத்ததால் தெரிந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கருவிக்கு அந்தக் குழப்பம் இல்லை. மாற்றி மாற்றி வைத்து அளந்தோம். சிவப்பில் இரண்டும் ஒன்று. நீலத்தில் பழையது குறைந்தது.

பலகையே நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டிருந்தது. அதனோடு ஒப்பிட்டதால் மண் உண்மையைவிட நீலமாகத் தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொன்ன கேமராதான் எங்கள் கணக்கில் குற்றவாளியாகியிருக்கிறது.

“நீலத்தை விழுங்கணும்னா மஞ்சளா ஏதாவது பட்டிருக்கணும்” என்றாள் மங்களூர்க்காரி.

“வெயில்ல வெக்க வெக்க வெளுக்கிற மஞ்சள்” என்றேன் நான். துணியில் பட்ட சாம்பார்க் கறை இரண்டு நாள் வெயிலில் போய்விடுவது நினைவுக்கு வந்தது. “மஞ்சள்தூள் மாதிரி.”

சார் கையுறையை மெதுவாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றி, மடித்து, பிறகு இன்னொன்றை.

“பூஜை அன்னிக்கு எல்லாக் கருவியையும் வெச்சேன். இது மட்டும் பெட்டிக்குள்ள இருட்டுல கிடக்குதேன்னு மூடியைத் தொறந்து வெச்சேன். மஞ்சத் தண்ணிய மாவிலையில எடுத்துத் தெளிச்சேன்.” கையுறைகளை மேசையில் வைத்தார். “ரெண்டு சொட்டு பட்டுச்சு. லென்ஸ் தொடைக்கிற துணியால ஒத்தி எடுத்துட்டேன். நான் கைய வெக்கல.”

கடைசி வாக்கியத்தை அவர் உண்மையாகவே சொன்னார். தன் விதியை அவர் மீறவே இல்லை. நானும் மங்களூர்க்காரியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம். நான் ஜிம் துண்டுகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவளால் முடியவில்லை, மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து ஒரு கணம் பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ பசை நல்லாத்தான் இருக்குது” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“பசைக்கு ஒண்ணும் ஆகல சார்.”

“பசை நல்லாத்தான் இருக்குது” என்று மறுபடியும் சொன்னார். இந்தமுறை எங்களிடம் சொல்லவில்லை.

சிரித்து முடித்ததும் வெட்கம் வந்துவிட்டது அவருக்கு. ஏரிக் குழுவிடம் நானே பேசிக்கொள்கிறேன், ஏதோ உபகரணக் கோளாறு என்று சொன்னால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. அன்று மாலை வீடியோ அழைப்பில், மாவிலை, மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் மேசைக்கடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண்மணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்படின்னா நீங்க இதுவரைக்கும் அனுப்பின படங்கள்ல நீலம் சரிதானே?”

“சரிதான் மேடம். ஒண்ணும் மாத்தல.”

“அப்போ இந்த வாரத்துப் படத்தை அனுப்பிடுங்க. எங்க வீட்லயும் பூஜை அன்னிக்கு மிக்ஸிக்குள்ள குங்குமம் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை திருத்தம் எதுவும் அமலுக்கு வரவில்லை. புதுப் பலகையோடு ஒப்பிட்டு, பழைய பலகை அன்றன்றைக்கு எவ்வளவு மஞ்சளாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, என் மூன்று நாள் அளவுகளையும் மறுபடி போட்டேன். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன, மங்களூர்க்காரியின் பாலைவனத்துக்குப் பக்கத்திலேயே. அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்காக அவளுக்கு அல்சூரில் ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன்.

பழைய பலகையை என்ன செய்வது என்று விசாரித்ததில், ஓடும் தண்ணீரில் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மேல்படலம் போய்ப் புதிதாகிவிடும் என்று தெரிந்தது. அதையும் சார்தான் செய்தார். திங்கட்கிழமை மொட்டைமாடிக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, சென்னையில் நடந்த ஒரு டெஸ்ட் மேட்ச்சின் கடைசி நாள் ஆட்டத்தை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேட்ச் முடியும் முன்னே பலகை வெளுத்துவிட்டது. இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை.

அந்த வாரம் அனுப்பிய படத்தில் ஊருக்குக் கிழக்கே ஓர் ஏரியின் ஒரு மூலை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. ஏரிக் குழுவில் இருவர் படகில் போய் அந்த மூலையில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். பாசி இருந்தது, படம் சொன்ன அளவுக்கே இருந்தது. போனில் அந்தச் செய்தி வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்கச் செய்தார். பிறகு, இன்றைக்கு வேறு வேலை எதுவும் இல்லை, கிளம்புங்கள் என்றார். சாலை நெரிசல் தொடங்கும் முன்னே மூவரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெங்களூரில் அது அபூர்வம்.